ஒற்றைச் சாட்சியின் போதாமை: சூரியத் துகள்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

'எல்லாமே பார்வைக் கோணம்தான்' - நமது சிறுபத்திரிகைச் சூழலில் இந்த வாக்கியம் ஒரு முத்திரையாகிவிட்டது. ஒற்றை உண்மை, ஒற்றை மையம் என்பவற்றுக்கு எதிராக நடந்த வாதங்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றே நினைக்கிறேன். 'ஒரு கோணம் போதாது' என்று தொடங்குகிறோம். 'ஆகவே எந்தக் கோணத்தையும் வைத்து எதையும் சொல்ல முடியாது' என்று முடித்துக்கொள்கிறோம். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதுக்குத் தாவியது எப்படி? அந்தத் தாவலால் யாருக்கு லாபம்? ஆம்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. 'உன் கிணத்துல உப்பு கரிக்குதுன்னா அது உன் கிணத்துச் சமாச்சாரம், எங்க குழாயில வர்ற தண்ணி சுத்தமாத்தான் இருக்கு' என்று தோல் பதனிடும் வட்டாரத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் பதிலும் ஒரு பார்வைக் கோண வாதம்தானே?

பல கோணங்களை வைத்துக்கொண்டு உண்மையைக் கைவிடாமல் வேலை செய்கிற துறை ஏதாவது உண்டா என்று தேடியபோது எனக்குக் கிடைத்தது எதிர்பாராத ஒன்று: சூரியனிலிருந்து சீறிவரும் உயர் ஆற்றல் துகள்களைப் பல விண்கலங்களைக் கொண்டு ஒரே நேரத்தில் கவனிக்கிற வேலை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். அதன் கணக்குகளுக்குள் போகப் போவதில்லை. அதன் சாட்சிமுறை என்ன என்பதே என் அக்கறை.

2

தூரத்துக்குப் போகுமுன் நம்ம ஊர்ப் பக்கத்துச் சங்கதி ஒன்று. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக மேலே ஏறினால் ஜவ்வாது மலையில் காவலூர். வைணு பாப்பு உருவாக்கிய வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்தது. காவலூரில் இருந்த 102 செ.மீ. தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். ஒளி சட்டென்று மங்கி மீண்டது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று அவர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் கண்டது மெய். காவலூர் என்கிற ஒரு புள்ளியில் நின்று பார்த்தால் அதற்கு அப்படியொரு வாசிப்பு நியாயமானதுதான்.

அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியோடு எலியட் குழுவினர் இருந்தார்கள். கோளுக்கு முன்னால் ஐந்து மங்கல்கள். கோளைத் தாண்டிய பிறகு அதே தொலைவுகளில் மீண்டும் ஐந்து. துணைக்கோள் இப்படி இருபுறமும் ஒழுங்காக நிற்காது. வளையம்தான் நிற்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் எனப் பல இடத்துப் பதிவுகளும் சேர்ந்து யுரேனஸின் வளையங்கள் உறுதியாயின. காவலூரின் பதிவும் பிறகு அந்த வளையங்களின் சாட்சியாகவே மறுபடி வாசிக்கப்பட்டது. பதிவு மாறவில்லை, பக்கத்தில் வேறு பதிவுகள் வந்து நின்றதால் அதன் பொருள் மாறியது. எங்கே, எப்போது பதிந்தது என்கிற குறிப்பு ஒவ்வொன்றிலும் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

வளையம் என்பது இருந்த இடத்தில் இருக்கும் பொருள். சில மணி நேரமோ சில நாளோ இருந்துவிட்டு மறைகிற நிகழ்வை எப்படிச் சாட்சிப்படுத்துவது? இங்கேதான் சூரியத் துகள்கள் வருகின்றன.

3

சூரியனில் காந்தப்புலம் முறுக்கேறி அறுபடும்போது இரண்டு விஷயங்கள் நடக்கலாம். ஒன்று, ஃபிளேர் எனப்படும் திடீர்ப் பிரகாசம். மற்றது, நூறு கோடி டன்னையும் தாண்டக்கூடிய பிளாஸ்மா பிழம்பு காந்தப்புலத்தோடு சேர்த்து வெளியே வீசப்படுவது. வேகமான பிழம்பு தனக்கு முன்னால் ஓர் அதிர்வலையைத் தள்ளிக்கொண்டு போகும். ஃபிளேர் நடந்த இடத்திலும், இந்த அதிர்வலையிலும் புரோட்டான்கள், எலக்ட்ரான்கள், கனமான அயனிகள் முடுக்கப்படுகின்றன. பிழம்பு பூமிக்கு வந்துசேர ஒன்றிரண்டு நாளாகும். மிக வேகமான துகள்களோ ஒளி வந்த சில நிமிடங்களிலேயே வந்துவிடும். துருவப் பகுதிகளில் வானொலித் தொடர்பைக் கெடுப்பது, செயற்கைக்கோளின் மின்னணு உறுப்புகளைத் தாக்குவது, விண்வெளி வீரரின் உடலுக்குள் கதிர்வீச்சாக இறங்குவது எல்லாம் இவை செய்யும் வேலை. 1972 ஆகஸ்டில் இப்படி ஒரு பெரும் நிகழ்வு வந்தது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, அப்போலோ 17 டிசம்பரில்தான் போனது. நடுவில் வந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

பூமிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துகள்களின் எண்ணிக்கை ஏறுகிறது, உச்சம் தொடுகிறது, இறங்குகிறது. இந்தக் கோட்டை எப்படி வாசிப்பது? சூரியனில் முடுக்கம் கூடிக் குறைந்ததா? அல்லது, முடுக்கம் ஒரே சீராக இருக்க, துகள் கூட்டத்தின் அடர்ந்த பகுதி நம் கலத்தைக் கடந்து போனதா? காலத்தில் ஏற்பட்ட மாற்றமா, இடத்தில் உள்ள வேறுபாடா? ஒரு கலத்தால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆம்பூர்ப் பாலத்தில் நின்று பாலாற்றில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறவரிடம், 'மழை இங்க பெஞ்சுதா, மேல பெஞ்சுதா?' என்று கேட்டால் என்ன சொல்வார்? வாணியம்பாடிப் பாலத்தில் எத்தனை மணிக்கு ஏறிற்று, பள்ளிகொண்டாவில் எத்தனை மணிக்கு ஏறிற்று என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்வதால் இது தீராது. அவர் இன்னும் நுட்பமான அளவுகோல் வைத்திருந்தாலும் நிற்பது ஒரே பாலத்தில்தான்.

4

இந்தத் துறை பிறந்ததே பல சாட்சிகளால்தான் என்பது கவனிக்கத்தக்கது. 1942 பிப்ரவரி 28, மார்ச் 7 ஆகிய நாட்களில் தரையில் இருந்த கதிர்வீச்சுமானிகள் வழக்கத்துக்கு மீறி எகிறின. ஸ்காட் ஃபோர்புஷ் 1946இல் இவற்றைச் சேர்த்துப் பார்த்து, இவை சூரியனிலிருந்து வந்த மின்னூட்டத் துகள்களாக இருக்கலாம் என்று எழுதினார். அமெரிக்காவின் செல்டன்ஹாம், கிரீன்லாந்தின் கோட்ஹாவன், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மூன்றும் ஏற்றத்தைக் காட்டின. பெருவில், காந்த நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் ஹுவான்காயோ மட்டும் ஒன்றும் காட்டவில்லை. (நம் திருநெல்வேலிச் சீமையும் அந்தக் காந்த நடுக்கோட்டை ஒட்டியதுதான்.)

பெரும்பான்மை வாக்கெடுப்பாக இருந்தால் மூன்றுக்கு ஒன்று என்று ஹுவான்காயோவை ஒதுக்கியிருக்கலாம். 'ஒருத்தன் பார்க்கலியே, அப்ப சந்தேகம்தான்' என்று எல்லாவற்றையும் தள்ளியும் இருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. நடுக்கோட்டில் பூமியின் காந்தப்புலம் துகள்களைக் கடுமையாகத் தடுக்கும். அதைத் தாண்டும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை, ஆகவே இவை மின்னூட்டம் கொண்டவை - என்று அந்த மௌனமே தகவலாயிற்று. பேசாத சாட்சியையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். விளிம்பின் மௌனம் பற்றி இவ்வளவு எழுதும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

அடுத்தது பாதை. துகள்கள் சூரியனிலிருந்து நேர்க்கோட்டில் வருவதில்லை. 1958இல் யூஜின் பார்க்கர், சூரியனிலிருந்து இடைவிடாமல் ஒரு காற்று வீசுகிறது, சூரியன் சுழல்வதால் அந்தக் காற்றோடு இழுபடும் காந்தக் கோடுகள் சுருளாக வளைகின்றன என்று எழுதினார். மதிப்பீட்டாளர் இருவரும் கட்டுரையை நிராகரித்தார்கள். இதழாசிரியராக இருந்தவர் எஸ்.சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்து உவப்பாயில்லை. ஆனால் கணக்கில் பிழை காட்ட முடியவில்லை என்பதால் வெளியிட்டார். (ஆசிரியப் பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு நம் இதழ்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.) 1960களின் தொடக்கத்திலேயே விண்கலங்கள் அந்தக் காற்றை உறுதிசெய்தன.

மின்னூட்டத் துகள் பெரும்பாலும் இந்தக் காந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டுதான் ஓடும். பூமியைத் தொடும் கோட்டின் வேர் சூரியனின் நடுவில் இல்லை. நமக்குத் தெரியும் முகத்தின் மேற்கே, ஏறத்தாழ 60 பாகை தள்ளி இருக்கிறது. அங்கே வெடித்தால் துகள்கள் நம்மிடம் சட்டென்று வரும். கிழக்கே அதைவிடப் பெரிதாக வெடித்தாலும் தாமதமாக, மெல்ல வரலாம். ஆக, ஒரு கலம் எதைப் பார்க்கிறது என்பது அது எங்கே நிற்கிறது என்பதோடு, எதனோடு கோர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. நாம் 'நிலைப்பாடு' என்கிறோமே, அதற்கு இத்தனை துல்லியமான பொருள் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

5

இனிச் சில நிகழ்வுகள்.

1980 மே 28. ஹீலியோஸ் 1 என்கிற ஜெர்மானிய-அமெரிக்கக் கலம் சூரியனுக்கு வெகு அருகில், பூமியின் தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் இருந்தது. அது அடுத்தடுத்து ஐந்து தனித்தனி எலக்ட்ரான் வெடிப்புகளைப் பதிந்தது. பூமிக்கருகில் இருந்த ஐ.எம்.பி. 8 பதிந்ததோ ஒரே ஒரு ஏற்றம். வழியில் சிதறிச் சிதறி ஐந்தும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. தொலைவில் இருந்து எழுதப்படும் வரலாறு பல கிளர்ச்சிகளை ஒரே 'சம்பவம்' ஆக்கிவிடும் விதம் இதுதானே?

2011 நவம்பர் 3. 2006இல் ஏவப்பட்ட ஸ்டீரியோ இரட்டைக் கலங்களில் ஒன்று பூமிக்கு முன்னால் ஓடியது, மற்றது பின்தங்கியது. அந்த 2011 பிப்ரவரியில் அவை சூரியனின் எதிரெதிர்ப் பக்கங்களை அடைய, முழுச் சூரியனும் முதன்முறையாக ஒரே நேரத்தில் பார்வைக்கு வந்தது. நவம்பரில் சூரியனின் 'பின்பக்கத்தில்' பெரிய வெடிப்பு. (பின்பக்கம் என்பதே பூமிமையச் சொல்லாடல். சூரியனுக்கு ஏது முதுகு?) பூமியிலிருந்து பார்க்க அங்கே ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் இரண்டு ஸ்டீரியோக்களும், பூமியருகே இருந்த கலங்களும், புதன் கோளைச் சுற்றிய மெசஞ்சரும் துகள்களைக் கண்டன. ஏறத்தாழச் சூரியனைச் சுற்றியே துகள்கள் நிரம்பியிருந்தன. பூமியில் மட்டும் நின்றிருந்தால், காரணமே புலப்படாத ஒரு விளைவாக இது எஞ்சியிருக்கும்.

2021 ஏப்ரல் 17. பெப்பிகொலம்போ, பார்க்கர், சோலார் ஆர்பிட்டர், ஸ்டீரியோ ஏ, பூமியருகே உள்ள கலங்கள் என ஐந்து இடங்கள். 210 பாகைக்குப் பரவிய ஒரே நிகழ்வு. ஆனால் ஆராய்ந்தபோது அது ஒற்றை நிகழ்வாகவும் இல்லை. அடுத்தடுத்துப் பல முறை துகள்கள் செலுத்தப்பட்டிருந்தன. எலக்ட்ரான்களுக்கும் புரோட்டான்களுக்கும் மூலமே வேறாக இருக்கலாம் என்று தெரியவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று வந்த நிகழ்வைப் பூமித் தரையிலும், நிலவின் தரையில் சாங்'இ 4 கலத்திலும், செவ்வாய்த் தரையில் கியூரியாசிட்டியிலும் ஒரே நேரத்தில் பதிந்தார்கள். அப்போது பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே 25 கோடி கி.மீ. மூன்று உலகங்களின் தரையில் ஒரே வெடிப்பின் சுவடு கிடைத்தது அதுதான் முதல்முறை.

எப்படி இவ்வளவு அகலமாகப் பரவுகின்றன? அதிர்வலையே அகலமாக விரிந்து ஒவ்வொரு கோட்டின் வேரையும் தொடுகிறதா, அல்லது துகள்கள் வழியில் கோடு விட்டுக் கோடு தாவுகின்றனவா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. பிரித்தறிய ஒரு வழி உண்டு: துகள் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பது. தன் கோட்டின் வேரில் முடுக்கப்பட்ட துகள் சூரியனின் பக்கத்திலிருந்து ஒரே திசையில் பாயும். அலைந்து திரிந்து வந்த துகள் எல்லாப் பக்கமிருந்தும் வரும். கண்ணால் கண்டவர் சொல்வதற்கும் ஊர்ப்பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. 2011 நிகழ்வில் வெகுதூரம் விலகி நின்ற மூன்று இடங்களிலுமே ஒரே திசைப் பாய்ச்சல் தெளிவாக இருந்ததுதான் ஆய்வாளர்களைத் திணறடித்தது.

6

இதெல்லாம் கலங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் தானாக வந்துவிடுவதில்லை. முதலில் பொதுவான கடிகாரம் வேண்டும். ஒளியே பூமிக்கு வர எட்டு நிமிடத்துக்கு மேலாகிறது. அருகில் இருக்கும் கலம் முன்னதாகப் பார்க்கும். எல்லார் நேரத்தையும் சூரியனில் நிகழ்ந்த நேரத்துக்குத் திருப்பிக் கணக்கிட வேண்டும். அடுத்து, பொதுவான அளவுகோல். ஒரு கருவியின் நூறு இன்னொரு கருவியின் நூறாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ஸ்டீரியோ ஏ பதினேழு ஆண்டு கழித்துப் பூமியைக் கடந்து போனபோது, பூமியருகே இருந்த கலங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மூன்றாவது, தன் இடத்தையும் காந்தத் தொடர்பையும் ஒவ்வொரு சாட்சியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் நான்கும் உண்டு. அகப்பாட்டை 'யார் சொன்னது, யாரிடம், எங்கே, எப்போது' என்று தெரியாமல் வாசிக்க முடியுமா? தலைவி கூற்றும் செவிலி கூற்றும் கண்டோர் கூற்றும் வேறு வேறு. அதனால் தலைவி உடன்போனது பொய்யாகிவிடுமா? கூற்றுகள் பலவாக இருப்பதே நிகழ்ச்சியை முப்பரிமாணத்தில் நிறுத்துகிறது. கோணம் என்பது உண்மைக்கு எதிரானதல்ல, உண்மையின் முகவரி. அந்த முகவரியை மறைக்கிறபோதுதான் பிரச்சினை.

சாட்சிகள் தொலைவதும் உண்டு. ஸ்டீரியோ பி உடனான தொடர்பு 2014 அக்டோபர் 1இல் அறுந்தது. 2016இல் சில நாட்கள் குரல் கேட்டது. 2018இல் தேடுதலைக் கைவிட்டார்கள். சூரியனின் ஒரு பகுதி மறுபடி நம் பார்வைக்கு வெளியே போயிற்று.

இந்த இடத்தில் ஆதித்யா எல்1 பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள இடத்தை அடைந்தது. திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. 'சூரியனை வென்ற இந்தியா' என்கிற தேசியப் பெருமிதக் கதையாடல் ஊடகங்களில் ஓடியது. பெருமிதம் இருக்கட்டும். அந்தக் கலம் நிற்கும் இடம் பூமியின் திசைதான். வின்ட், ஏஸ், சோஹோ கலங்களெல்லாம் முன்பே போன இடம். புதிய கோணத்தை அது தரவில்லை. அதன் உண்மையான மதிப்பு வேறு: அதிலுள்ள ஆஸ்பெக்ஸ் என்னும் கருவித்தொகுதியின் ஒரு பகுதி ஆறு திசைகளில் துகள்களைப் பிரித்து அளக்கிறது. அதாவது, நேர்ப் பாய்ச்சலா அலைந்து வந்ததா என்கிற கேள்விக்கு உதவக்கூடியது. அந்த அளவு சோலார் ஆர்பிட்டரோடும் ஸ்டீரியோவோடும் சேர்த்து வாசிக்கப்படும்போதுதான் முழுப்பொருள் பெறும். 'எங்கள்' கலம் தனியாக நின்று எதையும் வெல்லாது. தேசம் என்கிற சொல்லாடலுக்குள் அடங்க மறுக்கும் வேலை இது.

7

சரி, இதை ஏன் தோல் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுத வேண்டும்?

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துவோரே ஈடுகட்ட வேண்டும் என்றதோடு, தன் செயல் சூழலுக்குக் கேடற்றது என்று நிரூபிக்கும் சுமை அதைச் செய்பவரையே சாரும் என்றும் சொன்னது. பின்னர் அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளம் கண்டு சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாறு விவகாரத்தில் நிலுவை இழப்பீட்டைக் கொடுக்கவும் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. சுமையை இடம் மாற்றிய தீர்ப்பு வந்து இருபத்தெட்டு ஆண்டுக்குப் பிறகும், ஊர்க்காரர்தான் நிரூபித்துக்கொண்டிருக்கிறார்.

கழிவுநீரை வெளியேறும் குழாய்வாயில் மட்டும் அளப்பது ஒற்றைக் கலத்தின் அளவீடு. இன்று, இந்த வாயில், இவ்வளவு. நிலத்தடி நீர் மெல்ல நகர்வது. இன்று கரிக்கும் கிணறு, என்றோ வேறெங்கோ நடந்ததற்குச் சாட்சி. காலமா, இடமா என்கிற அதே பழைய கேள்வி. குழாயும் கிணறும் முரண்படவில்லை. வெவ்வேறு களனிலும் காலத்திலும் இருந்து ஒரே நிகழ்வைச் சொல்கின்றன. சில கிணறு மட்டும் கெடாமல் இருந்தால் அதுவும் பொய்ச்சாட்சி அல்ல, நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும் ஹுவான்காயோ.

தண்ணீர் இறைக்கும் பெண்ணின் நாக்குக்கு உப்பு எப்போது ஏறிற்று என்று தெரியும். ஆனால் 'அப்பவே கரிச்சிதுபா' என்பது ஆவணமாவதில்லை. தேதியும் இடமும் இல்லாததால் அது 'கருத்து' என்று ஒதுக்கப்படுகிறது. தொழிற்சாலையின் அளவோ தேதி, நேரம், முத்திரையோடு 'தரவு' ஆகிறது. அதிகாரம் இங்கே உண்மையை உருவாக்குவதில்லை. யாருடைய சாட்சிக்கு முகவரி தரலாம் என்பதை முடிவு செய்கிறது. இதற்கு 'எல்லாம் பார்வைக் கோணம்' என்று நாம் பதில் சொன்னால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகிறோம்.

செய்ய வேண்டியது எளிமையானது, சலிப்பூட்டுவதும்கூட. இருபது ஊரில் இருபது கிணறு. ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வகைக் கருவி. ஒரே தண்ணீரை எல்லாக் கருவியிலும் முதலில் அளந்து ஒத்துப் பார்ப்பது. கிணற்றின் ஆழம், எந்தப் பக்கம், என்றைக்கு மழை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில். கெட்ட கிணற்றை மட்டுமல்ல, நல்ல கிணற்றையும் எழுதுவது. மாதாமாதம், ஆண்டுக்கணக்கில். சில கோடி கி.மீ. தொலைவில் சிதறிக் கிடக்கும் கலங்களை ஒருங்கிணைத்து ஒரு வெடிப்பின் கதையைச் சொல்ல முடிகிறபோது, வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் உள்ள கிணறுகளைக் கோர்க்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒற்றை மையத்தை மறுத்தாயிற்று. இனிச் சாட்சிகளைக் கோர்க்கிற வேலை பாக்கி.